பழைய கட்டில், புதிய பூச்சு

ஆந்திர எல்லையில் குடிபாலா வழியே போகும் சாலை, மரத்தின் விலையையும் பெயின்ட்டின் விலையையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்கிறது

சித்தூரில் ஏறி காட்பாடியை நோக்கித் தெற்கே போகும் பேருந்தில் எழுத்து தெலுங்கு, பேச்சு இரண்டும் கலந்தது. கண்டக்டர் ஒரு மொழியில் கேட்கிறார், பயணி இன்னொரு மொழியில் பதில் சொல்கிறார், சில்லறை மட்டும் சரியாக வந்துவிடுகிறது. வழியில் வரும் குடிபாலா என்ற ஊர்ப் பெயருக்கே இரட்டைக் குடியுரிமை. தமிழ்க் காதுக்கு குடி என்றால் வீடு, குடும்பம். தெலுங்குக் காதுக்கோ அது கோயில். தமிழில் எழுதிவிட்டால் இரண்டுக்கும் வித்தியாசமில்லை.

வீட்டுச் சாமான்களின் கதையும் இதுதான். தமிழர் வீட்டுப் பீரோ இங்கே பீருவா ஆகிறது. தச்சர் வட்ரங்கி ஆகிறார். கட்டில் மஞ்சமாகிறது. தமிழில் கவிதைக்கும் சினிமாப் பாட்டுக்கும் ஒதுக்கப்பட்டுவிட்ட மஞ்சம், எல்லைக்கு அப்பால் மூட்டைப்பூச்சிக்காக வெந்நீர் ஊற்றப்படும் சாதாரணப் படுக்கைச் சாமான்.

இந்தச் சாலையில் பின்னால் கட்டிலும் பீரோவும் கயிற்றால் கட்டப்பட்டு ஆடிக்கொண்டே போகும் மினி லாரிகளைப் பார்க்கலாம். மாற்றலாகிப் போகிறவர் விற்றது, லாட்ஜைப் புதுப்பித்தபோது வெளியே வந்தது, மகளுக்குச் சீராகக் கொடுத்து முப்பது வருடம் உழைத்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பூர்வோத்தரம் இருக்கும். வாங்குகிறவர்களின் கணக்கு எளிது. புதுக் கட்டில் வாங்கக் காசில்லை. பழையதை வாங்கி ஒரு டப்பா பெயின்ட் அடித்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

அந்தக் கணக்கு பெரும்பாலும் சரிதான். ஆனால் அதில் ஒரு செலவு சேர்க்கப்படுவதே இல்லை.

கோடு மாறியது, வழக்கம் மாறவில்லை

இந்தப் பக்கத்து ஊர்களுக்கு எல்லைக்கோடு புதிது. 1911-ல் சித்தூர் மாவட்டம் உருவாக்கப்படும்வரை வட ஆற்காடு மாவட்டத்தின் தலைமையிடமே சித்தூர்தான். 1953-ல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் அதனுடன் போனது. 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. குடிபாலா அந்தப் பக்கமே நின்றுவிட்டது. 2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஆனால் ஆஸ்பத்திரிக்கும் கல்யாண ஜவுளிக்கும் தெற்கே போவதும், சாமி கும்பிட வடக்கே போவதும் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரி என்றால் வேலூர் சி.எம்.சி. 1900-ல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்த சிறு மருத்துவமனை இன்று நாட்டின் மறுகோடியிலிருந்தெல்லாம் நோயாளிகளை இழுக்கிறது. அதன் சித்தூர் வளாகம் குடிபாலா மண்டலத்தில்தான் இருக்கிறது. வேலூரில் மாதக்கணக்கில் தங்கிச் சிகிச்சை பெறுகிறவர்களுக்கு வாடகை அறைகள் வேண்டும், அறைக்குக் கட்டில் வேண்டும். வாடகை அறைக்கு எவரும் தேக்குக் கட்டில் செய்துபோடுவதில்லை.

இரண்டு மரங்கள்

ஆந்திரப் பக்கம் நரஹரிபேட்டை, தமிழகப் பக்கம் கிறிஸ்டியான்பேட்டை. இரண்டு சோதனைச்சாவடிகளுக்கும் பழக்கமான சரக்குகள் உண்டு. வடக்கே கடத்தப்படுவது ரேஷன் அரிசி. தெற்கே கடத்தப்படுவது செம்மரம்.

செம்மரம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டுமே இயற்கையாக வளர்வது. திருப்பதியைச் சூழ்ந்த சேஷாசலம் காடுகள்தான் அதன் முக்கிய வீடு. சீனாவில் இதற்கு ‘ஸிடான்’ என்று பெயர். அரச மாளிகைகளில் கட்டிலும் நாற்காலியும் அலமாரியுமாக இருந்த மரம். பெய்ஜிங்கில் 1999-ல் இதற்கென்றே ஒரு அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அந்தச் சாமான்களுக்குள்ள மவுசு இந்தக் காடுகளில் உயிரை வாங்குகிறது. 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி சேஷாசலக் காட்டில் ஆந்திரப் போலீஸார் சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். தமிழகத்திலிருந்து கூலிக்குப் போனவர்கள். தாக்க வந்ததால் சுட்டோம் என்றது போலீஸ். பிடித்துவைத்துச் சுட்டார்கள் என்றனர் மனித உரிமை அமைப்பினர்.

யாரோ ஒரு பணக்காரர் வீட்டுக் கட்டிலுக்காக ஒரு மரம். இங்கே சாதாரண வீட்டுக் கட்டிலுக்கு வேறு மரங்கள்: வேம்பு, பூவரசு, வாகை, மா. சித்தூர்ப் பக்கம் மாந்தோப்புகளுக்குப் பஞ்சமில்லை. கிளிமூக்கு மாம்பழம் கூழ் ஆலைகளுக்குப் போகிறது. காய்ப்பு நின்ற கிழ மரம் அறுவை மில்லுக்குப் போகிறது. மாம்பலகை வெளிறிய நிறம், அறுக்க எளிது, விலை குறைவு. குறை என்னவென்றால் பூச்சிக்கும் பிடித்த மரம் அது. பாலிஷ் போட்டாலும் தேக்கின் அழகு வராது. பெயின்ட்டை மட்டும் நன்றாக ஏற்றுக்கொள்ளும். ஏழை வீட்டுக் கட்டில்கள் பச்சையிலும் நீலத்திலும் காப்பி நிறத்திலும் பளபளப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

காடு இந்த நிலைக்கு வந்துவிட்ட காலத்தில், ஏற்கெனவே அறுத்துவிட்ட மரத்தை இன்னும் இருபது வருடம் உழைக்க வைப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

தட்டிப் பார்த்து வாங்குங்கள்

பழைய கட்டில் வாங்கும்போது பளபளப்பைப் பார்க்காதீர்கள், திருப்பிப் போட்டுப் பாருங்கள். பலகையின் அடிப்பக்கத்திலும் கால் மூட்டிலும் குண்டூசித் தலை அளவு ஓட்டைகள் இருக்கின்றனவா? தட்டினால் மாவு போல் தூள் கொட்டுகிறதா? அப்படியானால் உள்ளே பூச்சி இன்னும் குடியிருக்கிறது. ஓட்டைகள் இருந்து தூள் கொட்டாவிட்டால் அது பழைய காயமாக இருக்கலாம். ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் உளுத்த மரம், விட்டுவிடுங்கள்.

தேக்கு என்று தெரிந்தால் பெயின்ட் அடிக்காதீர்கள். கனமும் எண்ணெய் கலந்த வாசனையும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஸ்பிரிட்டில் அரக்கைக் கரைத்துப் போடும் பழைய பாலிஷே அதற்கு அழகு, விலையும் குறையாது. மரத்தூளை அழுத்திச் செய்த பலகைக் கட்டிலில் ஈரம் பட்டு ஓரம் உப்பியிருந்தால் எந்த பெயின்ட்டும் அதைக் காப்பாற்றாது. இரும்புப் பீரோ என்றால் அடிக்காலையும் கதவின் கீழ் விளிம்பையும் பாருங்கள், துரு அங்கேதான் முதலில் தின்ன ஆரம்பிக்கும். கோத்ரெஜ் இரும்பு அலமாரி செய்யத் தொடங்கிய ஆண்டு 1923. நல்ல தகட்டில் செய்த பழைய பீரோக்கள் வாங்கியவரையும் தாண்டி வாழ்வது சகஜம்.

கட்டிலை வீட்டுக்குள் கொண்டுபோகுமுன் ஒரு வேலை பாக்கியிருக்கிறது. மூட்டைப்பூச்சி. அது ஒளிவது மூட்டிலும் ஸ்க்ரூ துவாரத்திலும் சட்டத்துக்கும் பலகைக்கும் இடையிலும்தான். கழற்ற முடிந்ததை எல்லாம் கழற்றி, மூட்டுகளில் கொதிக்கும் நீர் ஊற்றி, நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் போட்டுவையுங்கள். சித்தூர் வெயிலைக்கூட நம்பி வெந்நீரை விட்டுவிடக் கூடாது, பலகை இடுக்கில் அத்தனை சூடு ஏறாது. பிறகு இடுக்குகளைப் பட்டி வைத்து அடைத்துவிட்டால் பூச்சிக்குத் திரும்ப இடமில்லை.

கணக்கில் வராத செலவு

இனிதான் விஷயம். பெயின்ட் வேலையில் எல்லோரும் முதலில் சொல்லும் ஆலோசனை: “பழைய பெயின்ட்டைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்துவிடுங்கள்.” வீட்டு வாசலில் கட்டிலைப் போட்டு, மூக்கில் கைக்குட்டை கட்டி, காய்ந்த உப்புத்தாளால் பரபரவென்று தேய்ப்பார்கள். பொடி எங்கும் பறக்கும். பக்கத்தில் குழந்தை விளையாடிக்கொண்டிருக்கும்.

அந்தப் பொடியில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு, பச்சை நிற எனாமல்களுக்கு ஈயக் குரோமேட்டிலிருந்து நிறம் கொடுப்பது நெடுநாள் வழக்கம். மற்ற நிறங்களிலும் சீக்கிரம் காய்வதற்காக ஈய உப்புகள் சேர்க்கப்பட்டன. இரும்புச் சாமான்களுக்கு அடிப்பூச்சாக ஈயச் செந்தூரம் அடித்த காலமும் உண்டு. வீட்டின் உட்புறத்துக்கு வெள்ளை ஈயப் பூச்சு கூடாது என்று பிரான்ஸ் 1909-லேயே சட்டம் செய்தது. அமெரிக்கா 1978-ல் வீட்டு பெயின்ட்டில் ஈயத்தைத் தடை செய்தது. இந்தியாவில் கட்டாய விதி வந்தது 2016-ல், அமலானது 2017 நவம்பர் 1 முதல். இப்போது பத்து லட்சம் பங்கு பெயின்ட்டில் ஈயம் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. அதற்குப் பிறகும் சில சிறு தயாரிப்பாளர்களின் டப்பாக்கள் சோதனையில் மாட்டியிருக்கின்றன.

அதற்கு முன் நிலைமை எப்படி? 2007-ல் டில்லியின் டாக்சிக்ஸ் லிங்க் அமைப்பு கடைகளில் வாங்கிய பெயின்ட்களைச் சோதித்தபோது, தண்ணீரில் கலக்கும் சுவர் பெயின்ட்களில் ஈயம் குறைவாகவும் எனாமல்களில் மிக அதிகமாகவும் இருப்பது தெரிந்தது. கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் பீரோவுக்கும் அடிப்பது எனாமல்தான்.

ஈயம் நாக்குக்கு இனிக்கும். பல் முளைக்கும் குழந்தை கட்டில் சட்டத்தைக் கடிப்பதும் தரையில் தவழ்ந்த கையை வாயில் வைப்பதும் உலக வழக்கம். பெரியவர்களின் உடல் ஏற்பதைப் போல நான்கைந்து மடங்கு ஈயத்தைக் குழந்தையின் உடல் உறிஞ்சிக்கொள்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்றும் அது சொல்கிறது. ரத்தசோகை, மந்தமான படிப்பு, கவனக்குறைவு என்று அது மெல்ல வேலை செய்யும். கர்ப்பிணியின் ரத்தம் வழியே வயிற்றுக் குழந்தைக்கும் போகும். வெளியே தெரியும் அடையாளம் எதுவும் இருக்காது. பள்ளிக்கூடத்தில் “மக்கு” என்று பெயர் வாங்கும் பிள்ளையின் ரத்தத்தை யாரும் சோதிப்பதில்லை.

இதே சித்தூர் வழியே மேற்கே போனால் வரும் பெங்களூரில் இருந்துகொண்டு இந்தியக் குழந்தைகளின் ரத்தத்தை ஏழு நகரங்களில் சோதிக்கவைத்தவர் டாக்டர் துப்பில் வெங்கடேஷ். சென்னையும் அதில் அடக்கம். 1999-ல் வெளியான முடிவின்படி, சோதிக்கப்பட்ட 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களின் ரத்தத்தில் ஈயம் அன்றைய அபாய அளவைத் தாண்டியிருந்தது. 2000-ல் ஈயம் கலந்த பெட்ரோல் நாட்டில் நிறுத்தப்பட்டது. ஆனால் பிரச்சினை தீரவில்லை. 2020-ல் யுனிசெஃபும் ப்யூர் எர்த் அமைப்பும் வெளியிட்ட அறிக்கை, உலகக் குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கினரின் ரத்தத்தில் கவலைப்பட வேண்டிய அளவு ஈயம் இருப்பதாக மதிப்பிட்டது. பழைய பேட்டரி உடைப்பதில் தொடங்கி மசாலாப் பொடிக் கலப்படம்வரை வழிகள் பல. பழைய பெயின்ட் அதில் ஒன்று.

வண்ண ரசாயனம் என்ன மிச்சம் வைக்கும் என்று அறிய இந்தச் சாலையிலேயே இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் போதும். ராணிப்பேட்டையில் சோடியம் பைகுரோமேட் தயாரித்துவந்த அரசு சார்ந்த ஆலை மூடப்பட்டுப் பல ஆண்டுகளுக்குப் பிறகும், அது விட்டுச் சென்ற குரோமியக் கழிவால் நிலத்தடி நீர் கெட்டது. தோல் பதனிடவும் குரோம் மஞ்சள் போன்ற நிறமிகள் செய்யவும் மூலப்பொருளாகும் ரசாயனம் அது. 2006-ல் உலகின் மிக மாசுபட்ட 10 இடங்களின் பட்டியலில் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிட்யூட் ராணிப்பேட்டையைச் சேர்த்தது. நிறம் அழிந்த பிறகும் கழிவு அழிவதில்லை.

சோம்பேறியின் வழியே நல்ல வழி

நல்ல செய்தி என்னவென்றால், இந்த ஆபத்தைத் தவிர்க்க அதிகம் செலவழிக்க வேண்டியதில்லை. குறைவாக வேலை செய்தால் போதும். பழைய பூச்சு கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தால் அதைச் சுரண்டவே வேண்டாம். சுரண்டாதீர்கள், மூடுங்கள்.

முதலில் வாஷிங் சோடா கரைத்த தண்ணீரால் கட்டிலைக் கழுவுங்கள். எண்ணெயும் அழுக்கும் போனால்தான் புதிய பூச்சு பிடிக்கும். நல்ல தண்ணீரால் அலசிக் காயவிடுங்கள். அடுத்து பளபளப்பை மட்டும் மங்கச் செய்ய வேண்டும். தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் வாட்டர் பேப்பர் வாங்கிக்கொண்டு ஈரத்தோடே தேய்த்து, அவ்வப்போது ஈரத்துணியால் வழித்தெடுங்கள். பொடி பறக்காது, சேறாகத் துணியில் வந்துவிடும். உரிந்து தொங்கும் இடங்களை மட்டும் நனைத்துவிட்டுத் தகட்டால் நீக்குங்கள். சுடர் விளக்கால் சுட்டு உரிப்பது கூடவே கூடாது. அந்தப் புகையைச் சுவாசிப்பதும் ஈயத்தைச் சுவாசிப்பதும் ஒன்றுதான்.

வேலை திறந்த வெளியில் நடக்கட்டும். கீழே பிளாஸ்டிக் விரிப்பு போடுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வர வேண்டாம். கைக்குட்டையால் பயனில்லை, மருந்துக் கடையில் கிடைக்கும் என்-95 முகமூடி தேவை. முடிந்ததும் விரிப்பைச் சுருட்டிக் கட்டிக் குப்பையில் சேருங்கள், பெருக்காதீர்கள். வேலைத் துணியைத் தனியாகத் துவையுங்கள். 2017-க்கு முன் அடித்த பெயின்ட் எதுவானாலும் அதில் ஈயம் இருப்பதாகவே வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

மற்றது வழக்கமான வேலை. பள்ளத்துக்குப் பட்டி. பெயின்ட் போய் மரமோ இரும்போ தெரியும் இடங்களுக்கு பிரைமர்: மரத்துக்கு உட் பிரைமர், இரும்புக்கு ரெட் ஆக்சைடு. சிவந்த மரங்களிலிருந்து கறை மேலே வந்தால் அந்த இடத்தில் ஒரு கை அரக்குப் பாலிஷ் பூசிவிட்டு அதன்மேல் பெயின்ட் அடியுங்கள், கறை நின்றுவிடும். எனாமலைத் தடித்து ஒரே பூச்சாக அடிப்பதைவிட மெல்லியதாக இரண்டு பூச்சு மேல். முதல் பூச்சுக்கு ஓர் இரவு விடுங்கள். ஒற்றைக் கட்டிலுக்கு ஒரு லிட்டர் வாங்கினால் மிஞ்சும். டப்பாவில் ஈய அளவு 90-க்கு மிகாது என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எல்லாம் சேர்த்தாலும் புதுக் கட்டில் விலையில் ஒரு சிறு பங்குதான் ஆகும். தொட்டால் ஒட்டாதே என்று அன்றே மெத்தையைப் போட்டுவிடாதீர்கள். பெயின்ட் உள்ளுக்குள் இறுக ஒரு வாரமாவது வேண்டும். அவசரப்பட்டால் மெத்தைத் துணியின் அச்சு கட்டிலில் நிரந்தரமாக விழுந்துவிடும்.

இரும்புப் பீரோவுக்கு பிரஷ் கோடு தெரியாத பூச்சு வேண்டுமானால் காருக்கும் லாரிக்கும் ஸ்ப்ரே அடிக்கும் பட்டறைகளில் கேட்டுப் பாருங்கள். அங்கும் உலர்ந்த பொடி பறக்காமல் ஈரமாகத் தேய்க்கச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. உங்களுக்கு அது ஒரு பீரோ. அந்தப் பெயின்டருக்கு அது தினசரி வேலை, பொடி அவர் சட்டையோடு அவர் வீட்டுக்கும் போகிறது.

காலமும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்தில் பெயின்ட் காயாமல் மங்கிப்போகும். ஆடிக் காற்றில் அடித்தால் ஊர்ப் புழுதி முழுவதும் கட்டிலில் ஒட்டிக்கொள்ளும். தை முதல் பங்குனிவரை நல்ல பருவம்.

தைக்கு முந்தைய நாள்தான் சிக்கல். எல்லைக்கு இரு பக்கமும் போகி உண்டு. தமிழகத்திலும் ஆந்திராவிலும் விடியற்காலையில் பழையது கழிகிறது. பாயும் முறமும் எரிவதோடு நிற்காமல் உடைந்த ஜன்னல் சட்டம், தொட்டில், கட்டில் கால் என்று பல தலைமுறை எனாமல் ஏறிய மரங்களும் நெருப்பில் விழுகின்றன. சுற்றி நின்று குளிர் காய்வது குழந்தைகள். எரிந்தாலும் ஈயம் அழிவதில்லை. புகையாக மூச்சில் போகிறது, சாம்பலாக வாசல் மண்ணில் தங்குகிறது.

அந்தக் கட்டில் காலை நெருப்பில் போடாமல் எடுத்துவைத்து, தை பிறந்ததும் ஈரத்தாளால் தேய்த்து இரண்டு பூச்சு அடித்தால் இன்னொரு வீட்டில் இருபது வருடம் நிற்கும். அந்த வீட்டில் அதற்குப் பெயர் கட்டிலா மஞ்சமா என்பது சாலையின் எந்தப் பக்கம் போய்ச் சேருகிறது என்பதைப் பொறுத்தது.